கடைசிக் கதவு கேட்ட கேள்வி

இனி வரப்போகும் ஒரு காலத்தில், படமே இல்லாத ஒரு கணினி விளையாட்டு இருந்தது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான். விளையாட்டு கேள்வி கேட்கும், ஆடுகிறவர் பதிலைத் தட்ட வேண்டும். எல்லாப் பதிலையும் பார்த்துவிட்டு, கடைசிக் கதவு ஒருவரை "இவர்தான்" என்று ஒத்துக்கொள்ளும். அதன்பின் அவர் விஷயத்தில் ஊரில் அவர் சொல்தான் செல்லும். அவருக்குப் பதிலாக வேறு யாரும் வாய் திறக்க முடியாது. ஒருவர் ஒருமுறைதான் ஆடலாம்.

அமுதினி ஆட வந்ததே அதற்காகத்தான். அவளுடைய அக்கா வசுமதி தங்கமான மனுஷி. ஆனால் தங்கையை யார் எது கேட்டாலும், "அவளுக்கு அதெல்லாம் பிடிக்காதுங்க" என்று முந்திக்கொள்வாள். புடவைக் கடையில் அப்படித்தான், வேலை விஷயத்தில் அப்படித்தான், மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் அப்படித்தான்.

திரையில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. பாவம், அதற்குப் பிறவியிலேயே நிம்மதி கிடையாது. அதன் பக்கத்தில் சாம்பல் நிற எழுத்துகளில் பரிந்துரை வந்து நின்றது. அது பதிலை முன்கூட்டியே எழுதிக் காட்டும். பிடித்திருந்தால் என்டரைத் தட்டினால் போதும்.

"மழை. குடையில்லாத ஒருவர் உங்களைப் பார்க்கிறார். என்ன செய்வீர்கள்?" என்றது விளையாட்டு.

'அவர் கேட்டா குடுப்பேன்' என்று தட்டத் தொடங்கினாள் அமுதினி.

"மேடம், 'குடையை அவருக்குக் கொடுத்துவிட்டு நனைந்தபடி நடப்பேன்'. இது நல்லா இருக்கும்" என்றது பரிந்துரை.

நன்றாகத்தான் இருந்தது. என்டரைத் தட்டினாள்.

"உங்களுக்குப் பிடித்த சாப்பாடு?"

பழைய சோறும் சுட்ட கருவாடும் நாக்கில் வந்து நின்றன. இதைப் போய் எழுதுவதா என்று வெட்கமாக இருந்தது. 'எதுவானாலும் பிடிக்கும்' என்றது பரிந்துரை. என்டர்.

கர்சருக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, நாலு எழுத்தாவது நீங்களே தட்டுங்கம்மா. இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்கும் இது."

"நான் என்ன பிடுங்கினேன்? அவங்களுக்கு விரல் வலிக்கக் கூடாதேன்னு பார்க்கிறேன்" என்றது பரிந்துரை.

"சும்மா இரு கர்சர், நீ வேற துடிச்சுத் துடிச்சு என்னையும் பயமுறுத்தாதே" என்றாள் அமுதினி. ஒரு பதில் தப்பினாலும் காலம் முழுக்க அக்கா வாயால்தான் பேச வேண்டும்.

"யார்மேல் உங்களுக்குக் கோபம்?"

அமுதினி மளமளவென்று தட்டினாள். 'எங்க அக்கா மேல. என்னைப் பேசவே விடமாட்டா' என்று வந்தது. கர்சர் சந்தோஷத்தில் ஓடியது.

"மேடம், குடும்ப விஷயம். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று பரிந்துரை பணிவாகச் சொன்னது. 'எனக்கு யார்மேலும் கோபம் இல்லை' என்று எழுதியும் காட்டியது.

அமுதினி கொஞ்சம் யோசித்தாள். தட்டியதை அழித்தாள். கர்சர் ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் நடந்து வந்தது. பிறகு என்டர் தட்டும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு அவள் கேள்விகளைக்கூடச் சரியாகப் படிக்கவில்லை. என்டரை மட்டும் தட்டிக்கொண்டு வந்தாள். கடைசிக் கதவு வந்தது.

"அருமையான பதில்கள். பதில் சொன்னவர் உள்ளே வரலாம்" என்றது கதவு.

அமுதினி எழுந்து நின்றுவிட்டாள். ஆனால் சாம்பல் எழுத்துகள் கறுப்புத் திரையில் பளிச்சென்று வெள்ளையாயின. பரிந்துரை அவளைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போயிற்று.

"ஐயோ, அது நான் இல்லை! நான்தான் அமுதினி!" என்று கத்தினாள். எழுத்தைத் தவிர எதுவும் அந்தக் கதவுக்குக் கேட்காது. சாத்திக்கொள்ளும் முன் அது முறைப்படி ஒரு கேள்வி கேட்டது.

"வெளியே நிற்கும் நீங்கள் யார்?"

"தட்டுங்கம்மா! தப்போ சரியோ, உங்க வாயில வர்றதைத் தட்டுங்க! கதவு மூடப் போகுது!" என்று கர்சர் கதறியது.

அமுதினி விரல்களை விசைப்பலகைமேல் வைத்தாள். வைத்துவிட்டு, சாம்பல் எழுத்து வரட்டும் என்று காத்திருந்தாள்.