நரி பார்த்த பதினைந்தாவது பறவை

ஒரு காட்டில், குழந்தைகளே, பெரிய ஏரி ஒன்று இருந்தது. குளிர்காலத்தைத் தெற்கே கழித்த பறவைகள், பங்குனி பிறந்ததும் வடக்கே தங்கள் ஊருக்குத் திரும்பும் அல்லவா? அப்படி வலசை போகிற பறவைகள் வழியில் இந்த ஏரியில் இறங்கும். இரண்டு நாள் தங்கி, வயிற்றை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடும்.

ஏரிக்கரையில் ஒரு நாவல் மரம். அதன் வேருக்கு அடியில் ஒரு குழி. சித்திரை வெயிலில் காடே அடுப்பாகக் காயும்போது, அந்தக் குழி மட்டும் குளுகுளுவென்று இருக்கும். எல்லோரும் அதற்கு ஆசைப்பட்டு அடித்துக்கொண்டதால், காட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. பங்குனி மாதத்தில் யார் அதிக வகை வலசைப் பறவைகளைப் பார்க்கிறார்களோ, அந்தக் கோடை முழுவதும் குழி அவர்களுக்கே. இருவர் சமமாக நின்றால் யாருக்கும் கிடையாது.

கணக்கு வைப்பது மரங்கொத்தியின் வேலை. பட்டுப்போன பனைமரம் ஒன்றில், ஒரு பறவைக்கு ஒரு துளை என்று கொத்தி வைப்பார். மகா கறாரான ஆசாமி. அலகு எப்படி, கால் எப்படி, வால் எப்படி என்று மூன்று கேள்வி கேட்பார். மூன்றுக்கும் பதில் வந்தால் துளை உண்டு. அந்தப் பதில் உண்மைதானா என்கிற நான்காவது கேள்வி அவரிடம் இல்லவே இல்லை.

அந்த வருடம் போட்டி கீரிக்கும் நரிக்கும்தான்.

கீரிக்கு மூன்று குட்டிகள். போன கோடையில் முட்புதருக்குள் குடியிருந்தபோது, அவளுடைய குட்டி ஒன்று வெயில் தாங்காமல் செத்துப்போயிற்று. இந்த வருடமும் அப்படி ஆகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். அதனால் விடிவதற்குள் எழுந்து, கோரைப்புல்லுக்குள் காது வரை சேறு அப்பிக்கொண்டு படுத்திருப்பாள். ஊசிவால் வாத்து வந்தது, பார்த்தாள். உள்ளான் வந்தது, பார்த்தாள். வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் வாலாட்டியையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் ஓடிப்போய் ஒழுங்காகச் சொன்னாள்.

நரியோ உச்சிப்பொழுது வரை தூங்குவான். பிறகு சோம்பல் முறித்துக்கொண்டு பனைமரத்தடிக்கு வருவான். இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொள்வான். ஞாபகப்படுத்திக்கொள்கிறானாம்!

"மரங்கொத்தியாரே, இன்று ஒன்று பார்த்தேன். பச்சை அலகு."

"கால்?"

"ஊதா."

"வால்?"

நரி கொஞ்சம் திணறினான். "வால்... இரண்டு."

மரங்கொத்தி யோசித்தார். வால் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. டொக், டொக், டொக். துளை விழுந்தது.

"இரண்டு வால் பறவை உலகத்தில் எங்கே இருக்கிறது?" என்று கீரி சண்டைக்குப் போனாள்.

"நீங்கள் பார்க்கவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா, கீரியம்மா? மூன்று பதிலும் வந்துவிட்டதே" என்றார் மரங்கொத்தி.

இப்படியே பங்குனி முடிய ஒரு நாள்தான் பாக்கி. கீரிக்குப் பதினாலு துளை, நரிக்கும் பதினாலு துளை. வலசைப் பறவைகள் எல்லாம் போய்விட்டன. ஏரி வெறிச்சோடிக் கிடந்தது. கீரிக்குப் பார்க்கப் பறவை இல்லை.

நரிக்கு வேறு கஷ்டம். அவன் கைவசம் இருந்த நிறங்கள் தீர்ந்துவிட்டன.

"மஞ்சள் அலகு, ஊதாக் கால்" என்று தொடங்கினான்.

"அது போன செவ்வாய்க்கிழமை வந்தது" என்றார் மரங்கொத்தி.

"சரி, நீல அலகு, சிவப்புக் கால்."

"அது வியாழக்கிழமை. நாளை உச்சிப்பொழுதுக்குக் கணக்கை முடித்துவிடுவேன், நரியாரே. புதிதாக இருந்தால் வாருங்கள்."

நரி யோசித்தான். சொந்தச் சரக்கு தீர்ந்தால் என்ன, கீரியின் சரக்கைத் திருடினால் போயிற்று. அன்று சாயங்காலம் கீரியின் புதருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். உடம்பை ஒளித்தவன் வாலை ஒளிக்க மறந்துவிட்டான்.

கீரி அந்த வாலைப் பார்த்தாள். முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. குட்டிகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

"செல்லங்களா, அம்மா இன்றைக்கு ஒரு பறவையைப் பார்த்தேன். என்ன அழகு தெரியுமா? தலையில் செக்கச்செவேல் என்று கொண்டை. பொன் பூசின மாதிரி முதுகு. அலகு உளி மாதிரி கூர்மை."

"கால் எப்படிம்மா?" என்றது ஒரு குட்டி.

"சாம்பல் நிறத்தில் குட்டைக் கால். வால் கறுப்பு. அந்த வாலை மரத்தில் ஊன்றிக்கொண்டுதான் நிற்கும். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்தப் பறவையை அவள் அன்றும் பார்த்தாள், அதற்கு முந்தின நாளும் பார்த்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் காடே பனைமரத்தடியில் கூடியது. எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு நரி முன்னால் வந்து நின்றான். வழக்கம்போலக் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"மரங்கொத்தியாரே, இதுவரை யாரும் பார்க்காத பறவை. பனிமலைக்கு அப்பால் இருந்து வந்தது. அலகு உளி மாதிரி."

"கால்?"

"சாம்பல் நிறம். குட்டை."

"வால்?" மரங்கொத்தியின் குரல் லேசாக மாறியது.

"கறுப்பு. அதை மரத்தில் ஊன்றிக்கொண்டு நிற்கும். தலையில் சிவப்புக் கொண்டை, முதுகெல்லாம் பொன்."

கூட்டத்தில் காட்டுப்பன்றி களுக்கென்று சிரித்தது. குரங்கு அதன் வாயைப் பொத்தியது.

மரங்கொத்தி தம் காலைக் குனிந்து பார்த்தார். கழுத்தைத் திருப்பித் தம் வாலைப் பார்த்தார்.

"நரியாரே, அந்தப் பறவை இப்போது எங்கே?"

"விடியற்காலையிலேயே வடக்கே பறந்து போய்விட்டது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்."

மரங்கொத்தி பனைமரத்தில் இருந்து மெல்ல இறங்கி, நரியின் மூக்குக்கு நேராக வந்து நின்றார்.

"கண்ணைத் திறங்கள்."

நரி திறந்தான். எதிரே ஓர் அலகு, உளி மாதிரி. அதற்கு மேலே ஒரு சிவப்புக் கொண்டை. அதற்குப் பின்னால் பொன் முதுகு.

"ஒரு மாதமாகத் தினமும் என் எதிரில் நின்று பேசினீர்கள்" என்றார் மரங்கொத்தி. அவருக்கு உண்மையாகவே வருத்தம். "போகட்டும். நான் வடக்கே போய்விட்டேன் என்கிறீர்களே, எப்போது திரும்பி வருவேன்?"

காடே விழுந்து விழுந்து சிரித்தது. நரியின் பதினாலு துளைகளும் செல்லாது என்று அங்கேயே தீர்ப்பாயிற்று. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். அன்று பொழுது சாய்வதற்குள் கீரி தன் மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் நாவல் மரத்துக் குழியில் படுக்க வைத்தாள்.

நீதி: பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லித் திரிகிறவன், கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காமல் மாட்டிக்கொள்வான்.