மூன்று வாசல் பொட்டல்

குருவிடம் ஒரு கேள்வி கேட்கப் போவதாகத்தான் அந்துவன் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். உள்ளபடி சொன்னால், பதிலையும் மடியில் கட்டிக்கொண்டுதான் மலையேறினார். குரு தலையாட்டிவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

வயல்நாட்டு அரசனின் வழித்துறைத் தலைவர் அவர். சாலை, வண்டி, எல்லை வாசல் எல்லாம் அவர் பொறுப்பு. வயல்நாட்டுக்கு ஒரு பக்கம் உப்பளநாடு, மறுபக்கம் குன்றநாடு. இந்த மூன்றில் சரக்கை வேகமாகக் கொண்டு சேர்ப்பது எந்த நாடு என்று அரசன் கேட்டிருந்தான். நாம்தான் என்று அந்துவன் சொல்லிவிட்டால், மூன்று நாடும் சேர்ந்து செய்துகொண்ட பழைய உடன்படிக்கையை முறித்துவிடுவதாக இருந்தான். ஒருவர் வண்டிமாடு படுத்துவிட்டால் மற்றவர் மாடு தருவது, ஒருவர் பாலம் உடைந்தால் மற்றவர் ஆள் அனுப்புவது என்று போகும் அந்த உடன்படிக்கை. முன்னால் ஓடுகிறவன் பின்னால் வருகிறவனை ஏன் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்றான் அரசன். அந்துவனுக்கும் அது நியாயமாகவே பட்டது.

நியாயமாகப் பட்டதற்கு வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. அவருடைய மகள் நாச்சி குன்றநாட்டில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே தலைப்பிரசவம் புகுந்த வீட்டில்தான். அதனால் அவளுடைய அம்மா பகலெல்லாம் அடுப்படியில் நின்று பிரசவ லேகியம் கிண்டி, ஒரு பானையில் அடைத்து, வாய்க்குத் துணி கட்டிக் கொடுத்தாள். அந்துவன் தன் கையாலேயே அரக்கு முத்திரை வைத்து அனுப்பினார். நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே பகலில் போய்விட்டது பானை. அதில் மனுஷருக்கு ஏகப்பட்ட பெருமை.

போன வாரம் மலைத்தேன் விற்க வந்த ஒருவரிடம் நாச்சி சேதி சொல்லி அனுப்பியிருந்தாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். அம்மா கைப்பட்ட லேகியம் வரும் வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம். அப்பாவுக்கு வேலை மும்முரத்தில் மகள் ஞாபகம் இல்லையோ என்று கேட்டாளாம்.

பேத்தி பிறந்த சந்தோஷம்கூட அந்தக் கடைசிப் பேச்சில் அடிபட்டுப்போனது. அன்றிலிருந்து அந்துவனுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. குன்றநாட்டுச் சோம்பேறிகள்தான் பானையை எங்கோ போட்டுவிட்டார்கள் என்று பொருமிக்கொண்டே இருந்தார்.

குரு என்றதும் தாடி நரைத்த ஒரு கிழவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். சேந்தன் அந்துவனைவிட இளையவர். இரண்டு பேரும் ஒரே பெரியவரிடம் பாடம் கேட்டவர்கள், ஒரே பாயில் படுத்தவர்கள். பெரியவர் காலமானபோது அந்த இடம் சேந்தனுக்கு வந்தது. அந்துவனுக்கு அப்போது கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்தது. பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மனசில் குழப்பம் வந்தால் இங்கேதான் வந்து உட்காருவார்.

அன்றும் வந்து உட்கார்ந்தார். மோரைக் குடித்தார். அரசன் கேட்டதைச் சொன்னார், மகள் சொல்லியனுப்பியதையும் சொன்னார். வயல்நாட்டில் சரக்கு எப்படிப் பறக்கிறது, மற்ற இரண்டு நாட்டிலும் எப்படி ஊர்கிறது என்று வெகுநேரம் பேசினார். 

எல்லாம் முடிந்ததும் சேந்தன், "அண்ணே, கீழே சாவடி இருந்ததே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

ஞாபகம் இல்லாமலா. மலையடிவாரத்தில், மூன்று நாடும் வந்து முட்டுகிற இடத்தில் இருந்தது அந்தச் சாவடி. சாயங்காலமானால் மூன்று திசையிலிருந்தும் வண்டிக்காரர்கள் வந்து மாட்டை அவிழ்ப்பார்கள். புளியும் கருவாடும் மாட்டுச் சாணமும் கலந்து ஒரு வாசம் மேலே ஆசிரமம் வரைக்கும் ஏறிவரும். தண்ணீர் எடுக்கிற சாக்கில் இரண்டு பேரும் கீழே ஓடிவிடுவார்கள். உப்பளநாட்டார் கருவாடு சுடுவார்கள், வயல்நாட்டார் சோறு வடிப்பார்கள், குன்றநாட்டார் தேனடையைப் பிழிந்து தருவார்கள். எல்லாருக்கும் ஒரே அடுப்புதான். ஆசிரமத்துப் பிள்ளைகள் கருவாட்டைத் தொடக்கூடாது என்று பெரியவர் சொல்லியிருந்தார். சேந்தன் தொட்டதை அந்துவன் பார்த்திருக்கிறார். அந்துவன் தொட்டதைச் சேந்தனும் பார்த்திருக்கிறார்.

சரக்கு கைமாறுவதும் பேச்சோடு பேச்சாக நடந்துவிடும். அந்தப் பக்கம் போகிறவன் ஒருவனைப் பார்த்து, இதை ஏற்றிக்கொள் மாமா, மழைக்கு முந்தி சேர்த்துவிடு என்பார்கள். அவனும் சேர்த்துவிடுவான். எந்த நாடு வேகம் என்று அப்போது யாரும் கேட்டதில்லை. சரக்கு வந்ததா என்றுதான் கேட்பார்கள்.

"அது ஒரு காலம்," என்றார் அந்துவன்.  அந்தச் சாவடிக்காக அவர் மனசு அவ்வளவு ஏங்கியது.

பிறகு மூன்று அரசர்களுக்கும் யார் வேகம் என்ற ரோஷம் வந்தது. சாவடி நின்ற பொட்டலைச் சுற்றி ஆளுக்கொரு வாசல் கட்டினார்கள். சரக்கு வாசலுக்குள் நுழையும்போது ஒரு முரசு, வெளியேறும்போது ஒரு முரசு. இரண்டு முரசுக்கும் நடுவில் ஆகிற நேரம்தான் அந்த நாட்டின் வேகம். சாவடி எந்த வாசலுக்கும் உள்ளே இல்லை. அதனால் அதற்குக் கூரை வேய யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மழைக்காலத்தில் அது உட்கார்ந்துவிட்டது.

"வாங்கண்ணே, ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வருவோம்," என்று எழுந்தார் சேந்தன்.

அந்துவன் வருஷம் தவறாமல் எல்லை வாசலைப் பார்வையிடுகிறவர்தான். ஆனால் உள்ளே நின்றுதான் பார்ப்பார். வாசலுக்கு வெளியே அவருக்கு அதிகாரமும் இல்லை, வேலையும் இல்லை. அதனால் பழைய சாவடி இருந்த இடத்தை வெகுகாலம் கழித்து அன்றுதான் பார்த்தார். பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

பொட்டல் முழுக்கச் சரக்கு. உப்பு மூட்டைகள் மழையில் கரைந்து பாதியாக நின்றன. நெல் மூட்டைகள் முளைவிட்டிருந்தன. தேன்குடங்களை எறும்பு மொய்த்தது. சுற்றிலும் மூன்று வாசலும் பளிச்சென்று பெருக்கி, கோலம்கூடப் போட்டு வைத்திருந்தார்கள்.

வயல்நாட்டு வாசல்காரர் தலைவரைப் பார்த்து ஓடிவந்து கும்பிட்டார். இதெல்லாம் என்ன என்று அந்துவன் கேட்டார். வாசல்காரர் பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு நிமிர்ந்தார்.

"உங்க உத்தரவுதான் ஐயா. பொழுது சாயறதுக்குள்ள வாசல் முற்றம் காலியாயிடணும்னீங்களே. வெளியே இறக்கி வெச்சுட்டு முரசு அடிச்சுடுவோம். ஒருநாள்கூடத் தவறினதில்லை."

எதிர்ப்பக்கம் குன்றநாட்டு வாசலில் காவலுக்கு ஒரு பெண் நின்றிருந்தாள். சேந்தன் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். வண்டி பூட்டித் தயாராக நின்றால்தான் சரக்கை உள்ளே எடுப்போம் என்றாள். எடுத்ததும் முரசடிக்க வேண்டுமே, வண்டியில்லாமல் உள்ளே கிடந்தால் நேரம் ஏறிவிடுமே என்றாள். வண்டி நிறைய மூட்டை சேர்ந்தால் எடுத்துவிடுவோம், ஒற்றைக் குடம், ஒற்றைப் பானைக்கெல்லாம் வண்டி பூட்ட முடியாது என்றாள். உப்பளநாட்டு வாசலிலும் இதே கதைதான். அதைக் கேட்டு அந்துவனால் கோபப்படவும் முடியவில்லை. வயல்நாட்டுக்குள் வருகிற சரக்குக்கு அதே உத்தரவைப் போட்டவர் அவர்தான். நல்ல யோசனை என்று அரசன் முதுகில் தட்டிக்கொடுத்ததும் உண்டு.

ஒற்றைப் பானை என்று அவள் சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவில் இறங்கினார். வாசல்காரர் ஆள் அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்த மூட்டையைப் புரட்டி, இந்தக் குடத்தை நகர்த்தி, சேறெல்லாம் மேலே அப்பிக்கொண்டு தேடினார். கடைசியில் ஒரு கிழிந்த ஓலைப்பாய்க்கு அடியில் அது இருந்தது. வாய்த்துணி இற்றுப்போயிருந்தது. அரக்கில் அவர் முத்திரை மட்டும் கொஞ்சமும் கெடாமல் இருந்தது.

துணியை விலக்கினார். சுக்கும் நெய்யும் லேசாக மணத்தது. மேலே பூஞ்சணம் கனமாகப் படர்ந்திருந்தது. அவர் அப்படியே அந்தச் சேற்றில் உட்கார்ந்து பானையை மடியில் வைத்துக்கொண்டார். நாச்சி வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்த நாளெல்லாம் இது இங்கேதான் கிடந்திருக்கிறது. அழக்கூடாது என்றுதான் பார்த்தார். முடியவில்லை.

குன்றநாட்டுக் காவல்காரப் பெண் கிட்டே வந்து எட்டிப்பார்த்தாள். யாருக்கு ஐயா என்று கேட்டாள். மகளுக்கு என்றார். வரும்போதும் போகும்போதும் அந்தப் பாயைப் பார்த்திருக்கிறேன், அடியில் என்ன என்று பார்க்கவில்லை என்று சொல்லி, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

சேந்தனும் வந்து பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தார்.  மூன்று வாசலில் ஏதோ ஒன்றில் முரசு அடித்தது. இன்னொன்றிலும் அடித்தது.

அந்துவன் மூக்கைச் சிந்திவிட்டு மெல்லக் கேட்டார். "அரசர்கிட்ட நான் இனி என்னன்னு சொல்றது? மூணுல எந்த நாடு முதல்னு சொல்றது?"

"மூணுமே முதல்தான் அண்ணே," என்றார் சேந்தன். "பானைதான் போய்ச் சேரலை."