ஈரல் சிறுத்த குட்டி யாருக்கு?

இந்தக் கதையில் பேயும் இல்லை, இளவரசியும் இல்லை. ஒரு வெள்ளாட்டுக் குட்டியும் அது எனக்குத்தான் என்று நிற்கும் மூன்று பேரும்தான். நடுவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். ஆகவே தூங்கிவிடாதீர்கள்.

வைகை பெரும்பாலும் மணலாகவே ஓடும் பகுதியில் ஓர் ஊர் அது. அங்கே ஆட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவார்கள். ஆடு ஆட்டுக்காரருடையது, மேய்த்து வளர்ப்பவர் இன்னொருவர். இரண்டு குட்டி என்றால் ஆளுக்கொன்று. ஒன்றுதான் என்றால் அந்த முறை அது ஆட்டுக்காரருக்கு. குட்டிகள் பால்குடி மறந்த பிறகுதான் பிரிப்பார்கள், அன்றைக்கு உயிரோடு நிற்பதுதான் கணக்கு. இந்த வழக்கத்தில் யாரும் மோசம் போனதில்லை என்று ஊரில் சொல்வார்கள். சொல்பவர்கள் எல்லாரும் ஆட்டுக்காரர்கள் என்பது வேறு விஷயம்.

உடையப்பன் ஓர் ஆட்டை ராக்குவிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். போன முறை ஒற்றைக் குட்டி, அது அவருக்குப் போனது. சொந்தமாக ஓர் ஆடு என்று ராக்குவுக்கு வாழ்க்கையில் இருந்ததே இல்லை. இந்த முறை ஆடு இரண்டு போட்டது. பெரியது விழுந்த கையோடு எழுந்து மடியை முட்டியது. சின்னது பெட்டை. ஒரு கைக்குள் அடங்கிவிடும். காதெல்லாம் சில்லிட்டுப்போய், பால் உறிஞ்சக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

உடையப்பன் வந்து பார்த்தார். "பெருசு எனக்கு, சிறுசு ராக்குக்கு. பொழச்சா வச்சுக்கட்டும்" என்று சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். ராக்குவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவமனைக்குப் போனாள்.

"இது தாய் வயித்துலயே சரியா வளரலம்மா" என்றார் டாக்டரம்மா. "எடை கம்மியாப் பொறந்தா ஈரலும் சிறுத்துத்தான் இருக்கும். பால் கிடைக்கிற வரைக்கும் தாக்குப்பிடிக்க ஈரல்ல கொஞ்சம் சேமிப்பு வேணும். இதுக்கு அது பத்தாது. குளிர விடாதீங்க. சீம்பாலக் கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி குடுங்க. என்னையக் கேக்காம எந்த மருந்தும் ஊத்திராதீங்க. மருந்தை முறிக்கிற வேலையும் அந்தச் சின்ன ஈரலுக்குத்தான்."

ராக்கு குட்டியைச் சேலைத் தலைப்பில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டாள். தாயிடம் சீம்பாலைப் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். பிறகு தாயின் பால் பெரியதற்கே பத்தவில்லை. பக்கத்து வீட்டு சைத்தூன் பீவியின் ஆடு அப்போதுதான் ஈன்றிருந்தது. ராக்கு போய்க் கேட்டாள். "பாலுக்கு என்னடி கேள்வி, வந்து கறந்துக்க" என்றாள் சைத்தூன்.

சில வாரம் கழித்து உடையப்பன் குடற்புழு மருந்தோடு வந்தார். பெரிய குட்டிக்கு ஒரு மூடி ஊற்றினார். அதே மூடியைச் சின்னதுக்கும் நிரப்பினார். ராக்கு குட்டியை வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள்.

"இதுக்கு வேணாம்ணே. எடை ஏறட்டும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக."

"ஏத்தா, ஒரே வயித்துல பொறந்ததுக. ஆளுக்கு ஒரு மூடி. நான் என்ன வஞ்சகமா பண்றேன்?"

"வயிறு ஒண்ணுதான். ஈரல் ஒண்ணா?"

ஆட்டுக்காரருக்கே எதிர்ப்பேச்சா! அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப இனிமே அது செத்தா உன் தலையில. குட்டி வெலைய உன் கையில இருந்து வாங்கிருவேன்."

"சரிண்ணே, என் தலையிலயே இருக்கட்டும்" என்றாள் ராக்கு. பால் கொண்டுவந்த சைத்தூன் வாசலில் நின்று இதைக் கேட்டாள்.

சின்னது பிழைத்தது. பிழைத்ததோடு நிற்காமல் வேலி தாண்டவும் கற்றுக்கொண்டது. பெரியதை மேய்ச்சலில் பாம்பு கடித்துவிட்டது. அதில் யார் மேலும் குற்றமில்லை. பால்குடி மறக்கும் காலம் வந்தது. நிற்பது ஒரே குட்டி. உடையப்பன் கயிற்றோடு வந்தார், கோயில் வாசலில் ஊர் கூடியது.

"நிக்கிறது ஒண்ணு. ஒண்ணுன்னா ஆட்டுக்காரனுக்கு. நான் புதுசா ஒண்ணும் கேக்கல" என்றார் உடையப்பன்.

"என் வயித்துச் சூட்டுல பொழச்ச குட்டி இது, தர மாட்டேன்" என்றாள் ராக்கு.

சைத்தூன் பீவியும் எழுந்தாள். "பெத்த ஆட்டுக்காரருக்குப் பங்குன்னா, பால் குடுத்த ஆட்டுக்காரிக்கு மட்டும் இல்லையா? எனக்கும் ஒரு காலு வேணும்."

இப்போது சொல்லுங்கள். குட்டி யாருக்கு? ஏன்?

ராக்குவுக்குத்தான். ஆனால் அவள் பாடுபட்டாள் என்று காரணம் சொன்னீர்களானால் பாதிதான் தேறுவீர்கள். பாடுபட்டவருக்கே சொந்தம் என்றால் ஊரில் எந்த ஆடும் ஆட்டுக்காரரிடம் இருக்காது. பிறந்த அன்று உடையப்பன் சொன்னதும் செல்லாது, பிரிக்கும் நாள் அதுவல்ல. சைத்தூன் பங்கு பேசிவிட்டுப் பால் கொடுக்கவில்லை, கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள். அதுவும் உடையப்பன் வாயை அடைக்கத்தான். மருந்து நாளில் நடந்ததுதான் கணக்கு. வாரத்தில் லாபமும் நட்டமும் இருவருக்கும் பொது. நட்டம் முழுக்க உன் தலையில் என்று அவர் சொன்னார், ராக்குவும் சைத்தூன் காதுபட ஒப்புக்கொண்டாள். அந்த நிமிடமே அந்தக் குட்டி வாரத்தை விட்டு வெளியே போய்விட்டது. சாவை அவளுக்குக் கொடுத்துவிட்டு உயிரை மட்டும் அவர் எப்படி வைத்துக்கொள்வார்?

ஊரும் கடைசியில் இதைத்தான் சொன்னது. உடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப என் ஆட்டை அவுத்து விட்று. இனி உனக்கு வாரம் கிடையாது" என்று கத்தினார். ராக்கு வீட்டுக்குப் போய்த் தாயாட்டை அவிழ்த்துவந்து கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். "பிடிங்க. இனிமே எனக்கு வாரம் வேணாம், எங்கிட்ட ஆடு இருக்கு."