காளான் வெளிச்சம் தொள்ளாயிரம்

என்ன, ராஜா வருவாரு, யானை வரும்னு வாயைப் பொளந்து உக்காந்திருக்கீங்களா? ஒண்ணும் வராது! நாகர்கோவில் பக்கம் ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் துறைத் தலைவர் சிதம்பரதாணுதான் பிரின்சிபலைக் கூட்டிக்கிட்டு லேபுக்கு வர்றாரு. வந்ததும் லேப் அட்டெண்டர் மேல பாய்ஞ்சாரு.

"ஏ பிளாரன்ஸ்! இருட்டுல தானா மினுங்குற மலைக்காளானோட வெளிச்சத்தைத் துளித் துளியா எண்ண டிடெக்டர் வாங்கணும். சாம்பிளுக்கு ரெண்டு வந்திருக்கு. நான் பெருசுதான்னு சொல்றேன், நீ சின்னதுதான் நல்லதுன்னு ஊரெல்லாம் சொல்றியாமே? பிரின்சிபல் முன்னாடி இப்பவே நிரூபி. இல்லேன்னா நாளையிலேர்ந்து லேப்ல உனக்கு வேலை இல்ல!"

"சரி சார்"னா பிளாரன்ஸ்.

ரெண்டு டிடெக்டரும் தனித்தனி கறுப்புப் பெட்டியில இருந்துச்சு. காளான் டப்பாவைச் சின்னதோட பெட்டிக்குள்ள வச்சு மூடினா. திரையில நாப்பது! டப்பாவை வெளிய எடுத்துட்டு மூடினா. வெறும் ரெண்டு!

அடுத்து பெருசோட பெட்டியைத் திறந்தா, குனிஞ்சா, டப்புன்னு மூடினா. திரையில தொள்ளாயிரம்!

தலைவர் துள்ளிக் குதிச்சாரு. "பாத்தீங்களா பிரின்சிபல் சார்! நாப்பது எங்க, தொள்ளாயிரம் எங்க!"

"தொள்ளாயிரமும் காளான் வெளிச்சம்தானா சார்?"ன்னா பிளாரன்ஸ், பவ்யமா.

"பின்னே, உன் வீட்டு பல்பா? அத்தனையும் காளான்தான்! எழுதிக்கோ!"

அந்நேரம் டீத் தட்டோட வந்த கேண்டீன் அண்ணாச்சி, தட்டை வைக்க இடம் தேடி மேஜையைப் பாத்தாரு.

"ஏ பிளாரன்ஸு, காளான் டப்பா இங்கல்லா இருக்கு! பெட்டிக்குள்ள ஒண்ணுமே இல்லாம அந்தப் பெரிய மெஷின் எதைம்மா தொள்ளாயிரம்னு எண்ணிச்சு?"