கற்றாழைக்கு வந்த மஞ்சள் கோபம்

அந்தக் காலத்தில் செடி கொடிகளும் பேசும். காது கொடுத்துக் கேட்கத்தான் ஆளில்லை. அப்போது சோற்றுக்கற்றாழைக்குக் கசப்பும் கிடையாது, அரிப்பும் கிடையாது. இருளாயி வீட்டுக் கிணற்றடியில், அவள் தலைக்குக் குளித்த தண்ணீரைக் குடித்தே ஒரு கற்றாழை கொழுத்து வளர்ந்திருந்தது.

பெண்களெல்லாம் வெறும் சீயக்காய் தேய்த்துக் குளித்த காலம் அது. அழுக்கு போகும், முடி தேங்காய் நாராகும். அது போதாதென்று அந்த ஊரில் ஒரு வழக்கம் வேறு வைத்திருந்தார்கள். தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா, சபை நடுவில், பெண்ணின் தலையில் சீப்பை விட்டு இழுத்துப் பார்ப்பாள். சிக்கினால் சம்பந்தம் இல்லை. பையனுக்குச் சொட்டை விழுந்திருந்தால் மட்டும் அதை யாரும் கேட்கமாட்டார்கள்.

இருளாயிக்கு வீரணனைப் பிடித்திருந்தது. அவனுக்கும் இவளைத்தான். விடிந்தால் அவன் அம்மா சீரங்கம்மா சீப்போடு வருகிறாள். கிணற்றடியில் உட்கார்ந்து சிக்கெடுத்தபடியே அழுதாள் இருளாயி. கற்றாழைக்குப் பொறுக்கவில்லை.

"குடித்தனம் பண்ணப்போறது நீயா, உன் முடியா? அழுதது போதும். என் மடலைச் சீவி, உள்ளே இருக்கிற சோத்தை எடுத்துத் தேயி."

தேய்த்து அலசினாள். மறுநாள் சீப்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. சீரங்கம்மா சந்தோஷப்பட்டாளா? முகத்தைச் சுளித்துக்கொண்டு, என்னத்தைப் பூசினாய் என்று துருவினாள். இருளாயி உள்ளதைச் சொன்னாள்.

"அப்போ இது இரவல் பளபளப்பு. எங்களுக்கு வேண்டாம்" என்று தாம்பூலத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள் சீரங்கம்மா. வீரணன் ஏதோ சொல்ல வந்தான். அம்மா ஒரு பார்வை பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

எழுந்தவள் நேரே வீட்டுக்குப் போனாளா? கை கழுவுகிற சாக்கில் கிணற்றடிக்கு வந்து, ஒரு மடலை முறித்து, அங்கேயே கொண்டையை அவிழ்த்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

கற்றாழைக்கு வேர் முதல் நுனி வரை பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் பொண்ணு தேய்ச்சா இரவல், நீ தேய்ச்சா சொந்தமா?"

அந்த ஆத்திரத்தில் அதன் பித்தமெல்லாம் தோலுக்கடியில் மஞ்சளாய் ஊறி, முறித்த இடத்தில் வழிந்தது. சீரங்கம்மாவின் தலை தீயாய் அரித்தது. அவள் சொறிந்த சொறியில் சபையே கிணற்றடிக்கு வந்துவிட்டது. அவள் கையில் இன்னும் அந்த மடல்.

இருளாயிதான் பாவம் பார்த்துக் கற்றாழையிடம் கெஞ்சினாள். வந்த கோபத்தை விழுங்கிப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டது அது. வேண்டுமானால் மடலை வெட்டி நிறுத்தி வை, மஞ்சள் முழுக்க வடியட்டும், அப்புறம் சோற்றை நன்றாக அலசிப் பூசு என்றது. அப்படியே செய்தாள். அரிப்பு அடங்கியது.

சீரங்கம்மா சபைக்குத் திரும்பி, யாரையும் பார்க்காமல், தான் தள்ளிவிட்ட தட்டை எடுத்து நீட்டினாள்.

"தட்டை வாங்கிக்கறேன் அத்தை. முதல்ல அந்தச் சீப்பைக் குடுங்க. உங்க பிள்ளைக்கு வாய் இருக்கான்னு அப்புறமா விசாரிச்சுக்கறேன்" என்றாள் இருளாயி. சீப்பை வாங்கி வெந்நீர் அடுப்பில் செருகினாள். அதோடு ஒழிந்தது அந்த வழக்கம்.

கற்றாழையின் கோபம்தான் ஒழியவில்லை. ஏன் ஒழிய வேண்டும்? அன்று முதல்தான், கற்றாழையை வெட்டியதும் தலையில் தேய்க்காமல், மஞ்சள் வடியும்வரை அதன் முன்னால் நாம் காத்துக்கிடக்கிறோம்.