ரொசாரியோவின் நான்காவது பிக்கப்

“எல்லாப் பாட்டுக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒரே ஒரு பிக்கப் வேணும், தாயி” என்றார் ரொசாரியோ.

சண்முகக்கனி நிமிரவில்லை. கருகிப்போன தண்ணீர் மோட்டாரின் செம்புக்கம்பிக் காயிலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை அவளுடையது. கிட்டார் தந்திகளுக்கு அடியில் உட்கார்ந்து சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்பும், காந்தத்தைச் சுற்றிய காயில்தானே. அதையும் கட்டித் தருவாள். வயது முப்பத்திரண்டு. ரொசாரியோ கிட்டாரோடு மெல்லிசை மேடை ஏறியே அவ்வளவு வருஷம் ஆகிறது. குழம்பிப் போனவன் குருவின் வயதையா பார்த்துக்கொண்டிருப்பான்?

“எல்லாப் பாட்டுக்கும்னா?”

“மெலடிக்குத் தேனா வடியணும். குத்துப்பாட்டுக்கு நறுக்குன்னு விழணும். ராக் பாட்டுக்கு உறுமணும். ஞாயித்துக்கிழமை ஒத்திகையில மூணும் வரலைன்னா, கிட்டாரையும் கீபோர்டுலயே வாசிச்சுக்கிடுதோம்னு மாஸ்டர் சொல்லிட்டாரு.”

மாஸ்டர் என்றால் குழுத் தலைவர்; அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போதே ரொசாரியோ கிட்டாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பயம்தான்.

“இதுக்கு முன்னாடி மாத்துனீங்களா?”

“மூணு மாத்தியாச்சு.”

“முதல் தடவை ஏன்?”

“பக்கத்துக் குழு அந்தோணி கிட்டார்ல ஒண்ணு பிரமாதமா உறுமுச்சு. அதையே வாங்கிப் போட்டேன்.”

“அவுக கிட்டாரு எப்படி?”

“கட்டிப் பலகை. உள்ள ஒண்ணும் கிடையாது.”

“உங்களுது?”

“கூடு. மேல ரெண்டு தொளை.”

“போட்டதும்?”

“ஸ்பீக்கர் பக்கம் திரும்புனாலே ஊளையிட்டுச்சு. பொன்னாடை போத்த வந்த தர்மகர்த்தா துண்டோட திரும்பிப் போயிட்டாரு.”

“அப்புறம்?”

“ஊளை நின்னுபோச்சு. ஆனா சத்தம் மந்தமாயிட்டு. அதுக்காகப் பளிச்சுன்னு ஒண்ணு போட்டேன். காதைக் குத்துச்சு. அதுக்காகத் தடிமனா ஒண்ணு. இப்ப என்ன வாசிக்கேன்னு எனக்கே விளங்கலை. வீடியோவுல ஒருத்தன் காந்தத்தை மாத்துங்கான். இன்னொருத்தன் கம்பியை மாத்துங்கான். ஒருத்தன் கிட்டாரையே மாத்துங்கான். தலை சுத்துது.”

சண்முகக்கனி கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள்.

“ஊளை எப்படி நின்னுச்சு?”

ரொசாரியோ கிட்டாரின் துளைகளைக் கையால் மூடிக்கொண்டார்.

அவள் கிட்டாரை வாங்கி, துளைக்குள் விரல்விட்டு இழுத்தாள்.

ஒரு பழைய கைத்துண்டு வந்தது. பிறகு சோபாவின் ஸ்பாஞ்சு. பிறகு அவர் படம் போட்ட கச்சேரி நோட்டீஸ்கள், சுருட்டியபடி ஏழெட்டு. கடைசியில் ஒரு சாக்ஸ்.

“இதுக்கு ஜோடி?”

“அந்தத் தொளையில.”

அதையும் எடுத்தாள். மூலையில் சோதனைக்கு ஓடிக்கொண்டிருந்த இன்னொரு மோட்டாரை நிறுத்திவிட்டு, கிட்டாரை அவரிடம் நீட்டினாள்.

“வாசிங்க.”

“ஒயரே மாட்டலையே?”

“வாசிங்க, அண்ணாச்சி.”

ஒரு தந்தியைத் தட்டினார். சத்தம் கூட்டுக்குள் போய், அவர் நெஞ்சில் இடித்து, வெளியே வந்தது. கொஞ்சம் கரகரப்பு. அதிகாலையில் பேச ஆரம்பிக்கிறவரின் தொண்டை போல இருந்தது.

அவர் குனிந்து துளைக்குள் எட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

“இதுல உறுமல் இல்லையே?”

“இல்லை.”

“நறுக்குன்னும் இல்லை.”

“இல்லை.”

“அப்ப இது என்ன சத்தம்?”

“உங்க கிட்டார். என்கிட்ட கேட்டா எப்படி?”

அவர் இன்னும் குழம்பினார். குழப்பத்தோடே வாசித்தார். கட்டக் கொடுத்த மோட்டாரை வாங்கிப் போக வந்த ஒருவர் கேட்டபடி வாசலில் நின்றுவிட்டார். ரொசாரியோ அவரைக் கவனிக்கவில்லை. எந்தப் பாட்டு என்றும் இல்லாமல் விரல் போன பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

“தாயி, அந்த மூணு சத்தமும் வேண்டாம்.”

“மாஸ்டர்?”

“எந்திரிச்சுப் போன்னா போக வேண்டியதுதான்.”

சொல்லிவிட்டார். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கவில்லை, தந்தி நின்றுவிடுமே என்று.

“இந்தச் சத்தத்தை இப்படியே பிடிக்கணும்னா எத்தனை சுத்து சுத்தணும்?”

சண்முகக்கனி புதுக் கம்பியை எடுத்து மெஷினில் மாட்டினாள்.

“தெரியாது. நீங்க வாசிங்க, நான் சுத்துதேன்.”