பூவாத்தா திறந்த கடவு

கேளுங்கள் கண்ணுகளே. துப்பாக்கி என்ற பேச்சே இல்லாத காலம் அது. கொங்கு நாட்டில் மாரப்பன் என்றொரு பண்ணாடி இருந்தார். பண்ணாடி என்றால் நிலத்துக்குச் சொந்தக்காரர்.

அவருக்குப் பெரிய மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி. போகவர ஒரே ஒரு கடவு. அதையும் முள்படலால் அடைத்துவிடுவார். "ஓணான்கூட என்னைக் கேட்டுத்தான் உள்ளே வரணும்" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்தக் காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு ஆடு மேய்த்தாள் பூவாத்தா. கைக்குழந்தைக்காரி. வேல மரத்தில் தூளி கட்டியிருந்தாள்.

சோளத்தட்டு வண்டிகள் வந்த அன்று கடவு பகலெல்லாம் திறந்து கிடந்தது. அதற்குப் பிறகு விடிந்தால் ஒரு குட்டி குறைந்தது.

"ஓநாய்தான்! வெளியே போய் வேட்டையாடுங்கள்!" என்று மூன்று வேடர்களை ஏவினார் பண்ணாடி.

முதல் வேடன் வலை வீசி நரியைக் கொன்றான். விடிந்தது; குட்டியைக் காணோம். இரண்டாம் வேடன் நாய் விட்டுக் காட்டுப்பூனையைக் கொன்றான். விடிந்தது; குட்டியைக் காணோம். மூன்றாம் வேடன் ஈட்டி எறிந்து கழுதைப்புலியைக் கொன்றான். அப்போதும் குட்டியைக் காணோம்.

பூவாத்தாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குட்டிகள் தீர்ந்தால் அடுத்து தூளிதானே? புதரைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள், தூளிக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தாள்.

"ஏம்புள்ள, தூளிக்கடியில சிங்கமா படுத்திருக்கு?" என்று வேடர்கள் சிரித்தார்கள்.

ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று தெரிந்தது.

"பண்ணாடி, வேலிக்கு வெளியே ஒரு தடமும் இல்லீங்க. முள்ளுல ஒரு மயிரும் ஒட்டலீங்க. தடமெல்லாம் உள்ளேதான் கிடக்குது. வண்டி வந்த அன்னிக்கு நுழைஞ்சது, போக வழியில்லாம நம்ம குட்டியத் திங்குதுங்க. கடவைத் திறந்து விடுங்க."

"ஓநாய் திரியறப்போ கடவைத் திறக்கறதா? பிள்ளை பெத்த மயக்கம் இன்னும் தெளியலையா உனக்கு?"

பூவாத்தா ஆடுகளைப் பட்டிக்குள் அடைத்தாள். குழந்தையை முதுகோடு கட்டினாள். கை கிழிய முள்படலை இழுத்துத் தள்ளினாள். பித்தளை வட்டிலை எடுத்துக்கொண்டு, தடம் போய் முடிந்த கள்ளிப் புதருக்குப் பின்பக்கம் போய் நின்றாள்.

ஒரு தட்டு தட்டினாள், புதர் அசையவில்லை. மறு தட்டு தட்டினாள். இரண்டு கண்கள் மின்னின. மூன்றாம் தட்டு தட்டினாள், எழுந்தது ஓநாய்! பயந்தாலும் அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

ஓநாய் கடவைக் கண்டது. அம்பாய்ப் பாய்ந்தது. சத்தம் கேட்டுக் கடவுக்கு ஓடிவந்த பண்ணாடியின் தலைப்பாகை ஒருபுறம் விழுந்தது, பண்ணாடி ஒருபுறம் விழுந்தார். வெளியே நின்ற வீராதி வீர வேடர்கள் மூவரும் முள்வேலி மேலேயே ஏறிவிட்டார்கள். ஓநாயோ மலையைப் பார்த்து ஓடியே போனது.

பூவாத்தா படலை இழுத்துக் கடவை அடைத்தாள். முதுகில் குழந்தை கலகலவென்று சிரித்தது.

அதன்பின் ஒரு குட்டியும் குறையவில்லை. கடவுக் காவலும் அவளுக்கே வந்தது. அன்றுமுதல் மாரப்பப் பண்ணாடியே படலுக்கு வெளியே நின்று, "பூவாத்தா, உள்ளே வரட்டுமா?" என்று கேட்டுத்தான் நுழைவார்.

பயம் வந்தபோதும் கண்ணை மூடிக்கொள்ளாதவரே, தம்மையும் தம்மை நம்பிய உயிரையும் காப்பார்.